கடுகு எங்கே?

வீட்டைச் சீராக வைத்துக்கொள்வது எப்படி என்று எத்தனையோ முறை இந்தப் பக்கங்களில் எழுதியிருக்கிறேன். அலமாரியில் எதை எங்கே வைப்பது, பழைய துணிகளை எப்படிக் கழிப்பது, சின்னச் சமையலறையைப் பெரிதாகக் காட்டுவது எப்படி என்றெல்லாம் வாசகிகளுக்கு யோசனை சொல்லியிருக்கிறேன். காரியாலயத்தில் என் மேஜையைப் பார்த்தவர்கள் அந்தக் குறிப்புகளைப் படித்தால் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அது போகட்டும். ஊருக்கு உபதேசம் செய்கிறவர்கள் எல்லாருக்கும் உள்ள சங்கடம்தான் அது.

ஆனால் என் வீட்டுச் சமையலறை அப்படி அல்ல. அது என் பெருமை. அந்தப் பெருமை எப்படிக் கவிழ்ந்தது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். கவிழ்த்தது வேறு யாரும் இல்லை, என் அம்மாதான். அதுவும் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல்!

அம்மா 1976-ல் கல்யாணமாகிக் கும்பகோணத்து வீட்டுக்கு வந்தாள். அப்போது அவளுக்கு இருபது வயது. அந்தச் சமையலறையின் அதிகாரம் அப்பாவைப் பெற்ற பாட்டியிடம் இருந்தது. பாட்டி அரிசியைப் படியாலும் ஆழாக்காலும் அளப்பவள். எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று அம்மாவுக்கு முதல் பாடம் நடந்ததாம். நாட்டில் மெட்ரிக் அளவைக்கு 1956-லேயே சட்டம் வந்து, 1962-க்குள் கிலோவும் லிட்டரும் கடைக்குக் கடை வந்துவிட்டன. எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குள் மட்டும் அந்தச் சமாசாரம் கடைசி வரையில் எட்டவில்லை. கடையில் கிலோக் கணக்கில் வாங்கி வருவார்கள். வீட்டுக்குள் வந்ததும் அது ஆழாக்குக் கணக்காக மாறிவிடும். "தலைக்கு ஒரு ஆழாக்கு, விருந்தாளிக்குக் கூட ஒரு ஆழாக்கு" என்பது பாட்டியின் கணக்கு.

பாட்டிக்குப் பிறகு ராஜ்யம் அம்மாவின் கைக்கு வந்தது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். சம்பளம் அளவானது; வீட்டுக்கு வந்து போகிறவர்களுக்கோ அளவே கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில் சீர் என்பது அழகுக்காக அல்ல, பிழைப்புக்காக.

மாசி, பங்குனியில் புதுப் புளி வரும். கொட்டை எடுத்து, கல் உப்பைத் தூவி அடுக்கி, பீங்கான் ஜாடியில் அடைத்துவிடுவாள் அம்மா. சித்திரை வெயிலில் வடாமும் வற்றலும் மொட்டை மாடியில் காயும்; காவல் வேலை எனக்கும் அண்ணனுக்கும். துவரம்பருப்பில் துளி விளக்கெண்ணெயைப் புரட்டிக் காயவைத்து எடுத்து வைப்பாள். பயற்று டப்பாவில் இரண்டு துண்டு வசம்பு கிடக்கும். அரிசியில் காய்ந்த வேப்பிலை. சர்க்கரை டப்பாவில் எறும்பு வராமலிருக்க நாலைந்து கிராம்பு. பட்டுப் புடவைகளை வருஷத்தில் இரண்டு தடவை எடுத்து, நிழலில் ஆறப்போட்டு, பழைய மடிப்பின் மேலேயே மறுபடி மடிக்காமல் மடிப்பை மாற்றி வைப்பாள். "ஒரே மடிப்பிலே கிடந்தா ஜரிகை அங்கேயே முறிஞ்சு போகும்டி" என்பாள்.

பரணிலிருந்த பாத்திரங்கள் ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டியிருக்கும். யார் வாங்கிக் கொடுத்தது, எந்தக் கல்யாணம், எந்தத் தேதி என்று புள்ளி புள்ளியாய் எழுத்துக்கள். போகிக்கு முதல் வாரம் அவற்றை இறக்கி, புளி போட்டுத் துலக்கி, வெயிலில் காயவைத்து, திரும்ப ஏற்றுவோம். "இந்தத் தவலை உங்க அத்தை கல்யாணத்துக்கு வந்தது. இந்தக் குண்டான் நீ பொறந்தப்போ உங்க தாத்தா வாங்கினது" என்று அம்மா சொல்லிக்கொண்டே போவாள். மற்ற வீடுகளில் குடும்பச் சரித்திரத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார்கள். எங்கள் வீட்டில் அதைப் பரணில் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் அரசாட்சி செய்தது அஞ்சறைப் பெட்டி. பேர்தான் அஞ்சறைப் பெட்டி. அம்மாவுடைய எவர்சில்வர் பெட்டிக்குள் இருந்தது ஏழு கிண்ணம். நடுவில் கடுகு. அதைச் சுற்றி உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள். அந்த வரிசை நான் பிறந்த நாள் முதல் மாறியதே இல்லை. அடுப்புக்கு வலது கைப் பக்கம், மேடையின் மேல் அதற்கு ஓர் இடம். அந்த இடமும் மாறியதில்லை.

2012-ல் தமிழ்நாட்டில் மின்வெட்டு படுத்திய பாடு உங்களுக்கு நினைவிருக்கும். வெளியூர்களில் பாதி நாள் மின்சாரம் இருக்காது. நான் அப்போது ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி சமையலின் நடுவில் விளக்கு அணைந்துவிட்டது. நான் கைபேசி வெளிச்சத்தைத் தேடிக்கொண்டு ஓடுவதற்குள் உள்ளேயிருந்து கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது. தொடர்ந்து பெருங்காய வாசனை வந்தது. போய்ப் பார்த்தால், அடுப்பு நெருப்பின் நீல வெளிச்சத்தைத் தவிர வேறு வெளிச்சமே இல்லை. அம்மா நிதானமாக ரசத்துக்குத் தாளித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"இருட்டிலே எப்படிம்மா?" என்று கேட்டேன்.

"இருட்டிலே எடுக்க முடியலேன்னா அது வைக்கவேண்டிய இடத்திலே இல்லேன்னு அர்த்தம்" என்றாள் அம்மா.

அந்த வார்த்தையை ஓர் அழகான வாசகமாக நினைத்து என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். அதன் அர்த்தம் புரியப் பத்து வருஷம் ஆயிற்று.

2021-ல் அப்பா காலமானார். அந்தத் துக்கத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். காரியங்கள் முடிந்த பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கும் பாங்கிக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் காகிதங்கள் வேண்டியிருந்தன. அண்ணனும் நானும் திகைத்து நின்றோம். சுவரோரமாய் உட்கார்ந்திருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "பீரோவிலே கீழ்த்தட்டு. மஞ்சள் பையிலே அவரோட பென்ஷன் உத்தரவு இருக்கு. வெள்ளைப் பையிலே வீட்டு வரி ரசீது, பத்திரம். பாஸ் புஸ்தகமெல்லாம் பிஸ்கோத்து டின்னிலே."

எல்லாம் அப்படியே இருந்தன. ஒவ்வொரு பையிலும் ஒரு துண்டுக் காகிதத்தில், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அம்மாவின் கையெழுத்தில் ஒரு பட்டியல். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. இந்தக் காகிதங்கள் கிடைக்காமல் மாதக் கணக்கில் அலைந்த குடும்பங்களை நான் அறிவேன். அன்றைக்கு அம்மாவின் சீர் எங்களைக் காப்பாற்றியது.

அடுத்த வருஷம் அம்மாவை மேற்கு மாம்பலத்திலிருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். வரும்போது அவள் அஞ்சறைப் பெட்டியைக் கையில் எடுத்தாள். "அதெல்லாம் எதுக்கும்மா? அங்கே எல்லாம் இருக்கு" என்றேன். அம்மா பதில் பேசாமல் பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டாள்.

உண்மையாகவே எல்லாம் இருந்தன. என் சமையலறையைப் பற்றித்தான் முதலிலேயே பெருமை அடித்துக்கொண்டேனே! வீட்டைச் சீர்படுத்துவது பற்றி ஜப்பானியப் பெண்மணி மரி கோண்டோ எழுதி, 2014-ல் ஆங்கிலத்தில் வெளியாகி உலகமெங்கும் விற்ற புத்தகத்தை நானும் படித்தவள்தான். வலைத்தளங்களில் வரும் படங்களையும் பார்த்தவள். அலமாரி நிறைய ஒரே உயரத்தில், ஒரே வடிவத்தில் முப்பத்திரண்டு கண்ணாடிச் சீசாக்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி மரமூடி. ஒவ்வொன்றின் மேலும் சின்னஞ்சிறு கொடி எழுத்தில், இங்கிலீஷில் அச்சடித்த சீட்டு. பருப்பு வகை ஒரு தட்டு, தானியம் ஒரு தட்டு, பொடி ஒரு தட்டு, வாசனைச் சாமான் ஒரு தட்டு. அடுப்பு மேடையில் ஒரு சாமானும் கிடையாது, வெறிச்சென்று பளபளக்கும். வந்தவர்கள் எல்லாரும் "கண்காட்சி மாதிரி இருக்கே!" என்பார்கள். அது பாராட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

முதல் வாரம் அம்மா சமையலில் உதவிக்கு வந்தாள். "கடுகு எங்கே?" என்று கேட்டாள். காட்டினேன். "உளுத்தம்பருப்பு?" காட்டினேன். மறுநாளும் "கடுகு எங்கே?" என்றாள். அதற்கு அடுத்த நாளும் கேட்டாள். நாலாம் நாள் காரியாலயத்துக்குக் கிளம்பும் அவசரம் எனக்கு. "சீட்டு ஒட்டியிருக்கேம்மா, படிச்சுப் பாரேன்!" என்றேன்.

அதற்குப் பிறகு அம்மா கேட்கவில்லை.

இரண்டாம் வாரம் பாயசத்தில் உப்பு விழுந்தது. மாப்பிள்ளை சாப்பிடும் பாயசம்! அம்மாவின் முகம் சுண்டிப் போயிற்று. இவர் என்னவோ, "பரவாயில்லை அத்தை" என்று சொல்லித் தண்ணீர் குடித்தார். அடுத்த நாளிலிருந்து அம்மா சமையலறைப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டாள். காய் நறுக்கிக் கொடுப்பாள், அதுவும் கூடத்தில் உட்கார்ந்து. சொம்பைத் துலக்கிவிட்டு, "இதை எங்கே வைக்கட்டும்?" என்று கேட்டுக்கொண்டு நிற்பாள். தன் வீட்டில் நாற்பத்தைந்து வருஷம் ராணியாக இருந்தவள், என் வீட்டில் விருந்தாளியைப் போல, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு உள்ளூர ஒரு பயம் எழுந்தது. பாட்டி தன் கடைசிக் காலத்தில் எல்லாரையும் மறந்துபோனாள். அம்மாவையே பார்த்து, "நீ யாரம்மா? நல்ல பொண்ணா இருக்கியே!" என்று கேட்டவள் அவள். அம்மாவுக்கும் அப்படி ஆரம்பிக்கிறதோ?

ஒரு நாள் ராத்திரி மணி இரண்டு இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையலறையில் ஏதோ மெல்லிய சத்தம். எட்டிப் பார்த்தேன். தெருவிளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியாகக் கொஞ்சம் விழுந்திருந்தது. அம்மா அலமாரியின் முன் நின்றுகொண்டு ஒரு சீசாவை எடுப்பதும், மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பதும், திரும்ப வைப்பதுமாக இருந்தாள். உதடுகள் ஏதோ முணுமுணுத்தன.

"என்னம்மா பண்றே?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். திருட வந்தவளைப் பிடித்தாற்போல் ஆகிவிட்டது அவள் முகம்.

"ஒண்ணுமில்லேடி. விளக்கைப் போட்டா குழந்தை முழிச்சுப்பான்னு போடலே. மனப்பாடம் பண்ணிட்டிருக்கேன். மேல்தட்டிலே மூணாவது சீரகம், நாலாவது சோம்பு... நாலு நாளா பார்க்கிறேன், நிக்கவே மாட்டேங்குது." கொஞ்சம் நிறுத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாட்டிக்கு வந்தாப்போல எனக்கும் வந்துடுச்சோன்னு பயமா இருக்குடி."

என் பயம் அவளுக்கும் இருந்திருக்கிறது. ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரும் அதை ஒருவருக்கொருவர் மறைத்து வைத்திருந்திருக்கிறோம்.

மறுநாளே டாக்டரிடம் போனோம். இன்று என்ன கிழமை, என்ன தேதி என்று கேட்டார் அவர். மூன்று வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். பால் கணக்கும் சலவைக் கணக்கும் போட்டுப் பழகிய அம்மா, தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று கடகடவென்று இறங்கிக்கொண்டே போனாள். "போதும் அம்மா, போதும்!" என்று டாக்டர்தான் நிறுத்த வேண்டியிருந்தது. ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது.

"இவர்களுக்கு மறதி நோய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. துக்கம் இருக்கிறது, தூக்கம் குறைவு. வீடு மாறி எத்தனை நாள் ஆகிறது?" என்று டாக்டர் கேட்டார்.

"மூன்று மாதம்" என்றேன்.

"நாற்பத்தைந்து வருஷம் பழகிய கை, மூன்று மாதத்தில் புது இடத்துக்குப் பழகிவிடுமா? நீங்கள்தான் அவசரப்படுகிறீர்கள்" என்றார் அவர்.

மறதி என்று வந்தால் எல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் போவதே சரி. எங்கள் விஷயத்தில் வைத்தியம் சமையலறைக்குத்தான் தேவைப்பட்டது.

வீடு திரும்பும் வழியில் அம்மா வெகு நாளைக்குப் பிறகு சிரித்தாள். "எழுபத்திரண்டு, அறுபத்தஞ்சு, அம்பத்தெட்டு..." என்று ஆட்டோவில் கணக்கைத் தொடர்ந்துகொண்டே வந்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பத்து வருஷத்துக்கு முன் குறித்து வைத்த வார்த்தை காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. இருட்டிலே எடுக்க முடியவில்லை என்றால் அது வைக்கவேண்டிய இடத்தில் இல்லை என்று அர்த்தம்!

அடுத்த வாரமே கும்பகோணத்துக்குப் போய் அஞ்சறைப் பெட்டியையும், ஆழாக்கையும், இரண்டு பீங்கான் ஜாடிகளையும் எடுத்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அலமாரியைக் காலி செய்து, முப்பத்திரண்டு சீசாக்களையும் கூடத்தில் பரப்பினேன். "அம்மா, இனி நீ சொல்கிற இடத்தில்தான் வைக்கப் போகிறேன். ஆனால் ஏன் அந்த இடம் என்று காரணமும் சொல்லவேண்டும்" என்றேன். அம்மா முதலில் வெட்கப்பட்டாள். "இதிலே காரணம் என்னடி இருக்கு? கை போற இடத்திலே வைக்கிறது" என்றாள். ஆனால் சொல்லத் தொடங்கிய பிறகு சாயங்காலம் வரை நிறுத்தவில்லை. நான் குறித்துக்கொண்டவற்றில் சிலவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, சாமானை அதன் ஜாதிப்படி வைக்காதே, வேலைப்படி வை. உளுத்தம்பருப்பு பருப்புதான். அதற்காகத் துவரம்பருப்பின் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை. தாளிப்புக்கு வேண்டிய அளவு கடுகோடுதான் இருக்க வேண்டும். எண்ணெய் காய்ந்த பிறகு கடுகு, அப்புறம் பருப்பு, மிளகாய், பெருங்காயம் என்று கை போகும் வரிசையில் சாமான் இருந்தால் எதுவும் கருகாது. நான் செய்திருந்த ஏற்பாட்டில் ஒரு தாளிப்புக்கு மூன்று தட்டுகளைத் திறக்க வேண்டியிருந்தது. என் தாளிப்பு ஏன் அடிக்கடி கருகுகிறது என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது!

இரண்டாவது, தினமும் எடுக்கிற சாமான் இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கட்டும். கனமானது கீழே, வருஷத்துக்கு இரண்டு தடவை எடுப்பது பரணில். வீட்டில் மிகவும் குட்டையான பெண்மணி யாரோ, அவள் கைக்கு எட்டுவதுதான் அளவு. என் உயரத்துக்கு வைத்திருந்த மேல்தட்டை அம்மா நுனிக்காலில் நின்று எட்டிக்கொண்டிருந்ததை நான் கவனித்ததே இல்லை.

மூன்றாவது, எல்லா டப்பாவும் ஒன்றுபோல் இருக்கக்கூடாது. உப்பு ஜாடியில், சர்க்கரை டின்னில், காப்பித்தூள் பித்தளைச் சம்புடத்தில். கை தொட்ட உடனே அது என்னவென்று தெரிய வேண்டும். உப்பையும் சர்க்கரையையும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே சீசாவில் அடைத்தது யார்? நான்தான். பாயசத்தில் உப்பைப் போட்டவள் அம்மா அல்ல.

நாலாவது, புதிதாக வந்தது பின்னால், பழையது முன்னால். டப்பாவின் அடி தெரிய ஆரம்பித்தால், மூடியைத் தலைகீழாகத் திருப்பி வை. வெள்ளிக்கிழமை கடைக்குப் போகும்போது கவிழ்ந்த மூடிகளைப் பார்த்துச் சீட்டு எழுதினால் போதும்.

ஐந்தாவது, ஒவ்வொரு தட்டிலும் ஒரு சாண் இடம் காலியாக இருக்கட்டும். "காலி இடம் இல்லாத வீட்டிலே புதுசா ஒருத்தர் வந்தா எங்கேடி உட்காருவா?" என்றாள் அம்மா. டப்பாக்களைப் பற்றித்தான் சொன்னாள். எனக்கு என்னவோ சுருக்கென்றது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது, முன்பு ஒரு கட்டுரைக்காகப் படித்த விஷயம் ஒன்று ஞாபகம் வந்தது. 1926-ல் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையைத் திட்டமிட்டார். ரயிலில் சாப்பாட்டு வண்டியின் சமையல் அறையைப் பார்த்து, எத்தனை அடி நடக்கிறோம், எத்தனை தடவை திரும்புகிறோம் என்று கணக்கிட்டு, 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் இடத்துக்குள் எல்லாவற்றையும் அடக்கினார். அம்மாதிரி சமையலறைகள் சுமார் பத்தாயிரம் வீடுகளில் அமைந்தன. மாவில் புழு வைக்காமலிருக்க ஓக் மரத்தில் பெட்டிகள், பருப்புக்கும் அரிசிக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள்! ஆனால் அந்த இழுப்பறைகள் தாழ்வாக இருந்ததால் குழந்தைகள் கைவிட்டுக் கொட்டினார்களாம். அந்த அம்மாள் பிற்பாடு ஒரு வேடிக்கையான உண்மையையும் ஒப்புக்கொண்டார். அதைத் திட்டமிட்ட காலத்தில் அவர் சமைத்ததே இல்லை, வீடு நடத்தியதும் இல்லை!

இதை அம்மாவுக்குச் சொன்னேன். "பாவம், கெட்டிக்காரப் பொண்ணுதான். யாராவது ஒரு மாமியார்கிட்டே கேட்டிருக்கலாம்" என்றாள்.

அம்மாவின் சீரில் குறையே இல்லை என்று நான் சொன்னால் அவளே ஒப்புக்கொள்ள மாட்டாள். 2009-ல் அவள் அறுவை சிகிச்சைக்காகப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்தப் பத்து நாளும் அப்பா ஹோட்டலில்தான் சாப்பிட்டார். காப்பித்தூள் எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டுமென்று யாரும் நினைத்ததும் இல்லை. காகிதப் பைகளில் பட்டியல் எழுதி வைத்த அம்மா, சமையலறைக்கு மட்டும் பட்டியல் எழுதவில்லை. அது அவள் கையில் மட்டுமே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும் அடுக்கி முடித்த பிறகு, அம்மாவே அதைச் சொன்னாள். "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்டி. எல்லாம் எனக்குத் தெரிஞ்சா போதும்னு இருந்துட்டேன். அவருக்கு ஒரு காப்பி போடக்கூடக் கத்துக்கொடுக்கலே. நீ மாப்பிள்ளையைக் கூப்பிடு."

இவர் வந்தார். பின்னாலேயே எட்டு வயதுப் பையனும் வந்தான். அம்மா இரண்டு பேருக்கும் அலமாரியைக் காட்டிப் பாடம் நடத்தினாள். பையனின் கண்ணைத் துண்டால் கட்டி, "கடுகு எடு பார்க்கலாம்!" என்றாள். அவன் தடவித் தடவி மிளகை எடுத்தான். மறுபடி முயன்று வெந்தயத்தை எடுத்தான். மூன்றாம் தடவை கடுகு அகப்பட்டது. வீடே கைதட்டியது. அன்று முதல் அது அவனுக்கு ஒரு விளையாட்டு. இப்போது அவன் அப்பாவைவிட அவன்தான் தேர்ச்சி. இவர் இன்னும் சீரகத்துக்கும் சோம்புக்கும் தகராறு செய்துகொண்டிருக்கிறார். ஆனால் காப்பி நன்றாகப் போடுகிறார்.

என் இங்கிலீஷ் சீட்டுகளைக் கிழித்துவிட்டேன். அவற்றுக்குப் பதிலாக அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரே ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று கொட்டை எழுத்தில், தமிழில், அம்மா தன் கையாலேயே எழுதியது. மேடை இப்போது வெறிச்சென்று இல்லை. அஞ்சறைப் பெட்டியும் உப்பு ஜாடியும் அங்கே குடியேறிவிட்டன. கண்காட்சி மாதிரி இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. "என்ன சமையல்? வாசனை தூக்குதே!" என்கிறார்கள்.

இத்தனை வருஷமாக வாசகிகளுக்கு நான் சொன்ன யோசனைகளில் ஒரு பெரிய பிசகு இருந்தது என்று தோன்றுகிறது. பார்க்கிறவர்கள் கண்ணுக்கு வீடு எப்படி இருக்க வேண்டும் என்றே எழுதினேன். வீட்டில் வாழ்கிறவர்கள் கைக்கு அது எப்படி இருக்க வேண்டும் என்று எழுதவில்லை. உங்கள் வீட்டுக்கு அம்மாவோ மாமியாரோ வந்து தங்கினால், அவர்களுக்குத் தனி அறையும் மெத்தையும் கொடுப்பது நல்லதுதான். அதோடு அடுப்புக்குப் பக்கத்தில், அவர்கள் கை போகும் இடத்தில், ஒரு டப்பாவுக்கு இடம் விடுங்கள். அவர்களிடம் "எங்கே வைக்கட்டும்?" என்று நீங்கள் கேளுங்கள். அவர்கள் உங்களைக் கேட்கும்படி விட்டுவிடாதீர்கள்.

போன வாரம் ஒரு நாள், நல்ல மழை. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் பட்டென்று விளக்கு அணைந்தது. இவர் கைபேசியைத் தேடி நாற்காலியில் இடித்துக்கொண்டார். பையன் கூச்சலிட்டான். சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"யாரும் எழுந்திருக்காதீங்க. தீப்பெட்டி இருக்கிற இடம் எனக்குத் தெரியும்."

அடுத்த நிமிஷம் கடுகு வெடித்தது.